இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

என் மேசைக்கடியில் ஓர் அளவுச் சக்கரம் கிடக்கிறது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தால், கடந்த தூரத்தை மீட்டரில் காட்டும். இப்போது கைப்பேசியிலேயே அளந்துவிடுகிறோம். யாரும் அதைத் தொடுவதில்லை. எண்காட்டி 212இல் நிற்கிறது. அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சிங்கப்பூரின் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் ஆன்ட்டிக்கு நிலமதிப்பு அறிக்கை எழுதினேன். கீழே கடை, மேலே பூட்டிக் கிடந்த குடியிருப்பு. மத்தியான வெயிலில் கட்டுமானத் தொழிலாளர்கள் வாசலில் வரிசையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மாடியையும் சாப்பாட்டுக்கூடமாக்க ஆசைப்பட்டார். குடியிருப்பைக் கடையாக மாற்றினால் இடத்தின் மதிப்பு ஏறும். ஏறியதில் ஒரு பங்கை அரசுக்குக் கட்ட வேண்டும். கட்டணம் கைக்கு மீறினால் மாடியை மறந்துவிடப்போவதாக முதல் நாளே சொல்லியிருந்தார்.

அறிக்கையைப் படித்ததும் கல்லாவிலிருந்து எழுந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு வந்தார். “நான் ஒரு ஆணிகூட அடிக்கலை. அப்புறம் எப்படி லா விலை ஏறும்?” பேச்சில் ‘லா’ போடாமல் அவருக்கு வராது.

“அதனாலதான் ஆன்ட்டி. நீங்க ஒண்ணும் செய்யாமலே ஏறியிருக்கு. பக்கத்துல ரயில் ஸ்டேஷன் வந்துச்சு, அது எல்லார் காசு. ஏறினதுல ஒரு பங்கு வீடு, கிளினிக், பாலம்னு திரும்பிப் போகுது.”

“ஸ்டேஷன நான் கேட்டேனா?”

“கேக்கலை. ஆனா உங்க கஸ்டமர் பாதிப் பேர் அதுலதானே வர்றாங்க?”

அவர் என் இலையில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டு, வாதத்தை வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். நிலையத்திலிருந்து கடைக்கு 290 மீட்டர் என்று நான் வரைபடத்தில் அளந்து எழுதியிருந்தேன். அது பொய், சிக்னலும் தடுப்புக் கம்பியும் சுற்றி வந்தால் நானூறு இருக்கும், நடந்து பார் என்றார். தூரம் கூடினால் மதிப்பு குறையும். அவர் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் காலை என் பட்டியல்படி கிளம்பினேன்: சக்கரம், நோட்டு, தொப்பி, தண்ணீர். வழி காட்ட ஆன்ட்டியே நிலைய வாசலுக்கு வந்திருந்தார். பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன ஆன்ட்டி, சக்கரத்த வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார். “நாய் வளக்க இடமில்ல லா, இதத்தான் வளக்குறேன்” என்று ஆன்ட்டி நடையைக் குறைக்காமலே சொன்னார். கருவேப்பிலை வாங்கினார், மீன் விலை கேட்டுத் திட்டினார், பேச்சு நிற்கவே இல்லை. பேச்சினூடே சட்டென்று ஒரு சந்தில் திரும்பினார். எந்த வரைபடத்திலும் நான் பார்க்காத சந்து. நானும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். நின்றபோது எதிரே அவருடைய சமையலறைப் பின்கதவு.

எண்காட்டியை இருவரும் குனிந்து பார்த்தோம். 212. இருநூற்றைம்பதுக்குள் வந்தால் எங்கள் கணக்கில் மதிப்பு ஒரு படி ஏறும். முப்பது வருடப் பழக்கம் அவர் கால்களைக் குறுக்கு வழியில் கூட்டி வந்திருந்தது. எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். ஆன்ட்டி வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“எழுது லா. என் காலே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சந்தின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். இரு பக்கமும் உயர்ந்த சுவர்; காலையிலும் நிழல். “ஏன், வெயில்ல நிக்கிறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வரக்கூடாது?” என்று அவர் கேட்டது என்னையல்ல.

திருத்திய அறிக்கையில் கட்டணம் கூடியது, ஆனால் கைக்கு மீறவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார். புக்கிட் பாத்தோக்கில் தன் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே முதியோர் நிலையம் கட்டத் தொடங்கியபோது, “அதுல ரெண்டு செங்கல் என்னுது” என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னார். எந்தச் செங்கல் யாருடையது என்று என் படிப்பு சொல்லித்தரவில்லை. ஆனால் மூன்று வருடம் பாடமாகப் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று தோன்றியது.

போன வாரம் அங்கே சாப்பிடப் போனேன். முன்வாசலில் வரிசை இல்லை. சந்து நிழலில் பத்துப் பேர் கதை பேசியபடி மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்கதவுக்கு மேலே புதிய பலகை, கொட்டை எழுத்தில்: ‘ஸ்டேஷனிலிருந்து 212 மீட்டர்தான்!’

நான் நின்று படிப்பதை ஆன்ட்டி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

“சந்தேகமா இருந்தா சக்கரத்த எடுத்துட்டு வா!”