நாற்பது நிமிட ஓய்வு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் எலியக்கா. கூண்டு கழுவி, தீனி வைத்து, எலிகளோடு பதினாறு வருடம் காலம் தள்ளியவர். தைராய்டு சுரப்பு குறைந்துபோய், மூன்று வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார். இருந்தும் பதினோரு மணிக்கே முகம் வாடிவிடும். "டாக்டர் நடக்கச் சொல்றாரு தம்பி. நாள் பூரா வேற என்ன பண்றேனாம்?" என்பார். இரத்தம் பரிசோதிப்பது என் வேலை. என் அலுப்புக்கு மாத்திரையும் கிடையாது.

அந்த வருடம் ஓர் ஆய்வு மாணவி வந்து சேர்ந்தாள். தினமும் ஓடினால் எலியின் தைராய்டு சுரப்பு எப்படி மாறுகிறது, கொழுப்பு எவ்வளவு கரைகிறது என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டு எலி ஓடும், பன்னிரண்டு சும்மா இருக்கும். எலிக்கென்றே செய்த சின்ன ட்ரெட்மில்லில் தினமும் ஒரு மணி நேரம், எட்டு வாரம், அக்கா ஓடவிடவேண்டும். பின்தங்கும் எலிக்குக் கடைசியில் இருக்கும் கம்பியில் சுருக்கென்று ஷாக் அடிக்கும். அவள் பட்டமே இந்த முடிவை நம்பித்தான் இருந்தது. இன்னும் முடியலையா என்று வீட்டில் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் இருபத்துநான்கையும் கொன்று இரத்தமும் கொழுப்பும் எடுத்தோம். ஓடியதற்கும் ஓடாததற்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. டெஸ்ட் கிட்டைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், மறுபடி செய்து பார்த்தேன். அதே எண்கள்தான். மாணவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எனக்கு இது வராது போல அண்ணா. விட்டுட்டு வீட்டுக்கே போயிடறேன்."

கூண்டு கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடினார்.

"உன்மேல தப்பில்லம்மா. நான்தான் மெஷினை நிறுத்திட்டேன்."

"என்னைக்கு?"

"தினமும். இருபது நிமிஷத்துலயே அதுங்களுக்குக் கால் பின்னும். கம்பியில போய் விழும். அந்த அசதி எனக்குத் தெரியும்மா. நிறுத்திட்டு நானும் ஸ்டூல்ல உக்காந்துடுவேன். நோட்டுல மட்டும் அறுபதுன்னு எழுதிடுவேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாணவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாவது இருந்திருக்கும்.

"பாவம்னு விட்டீங்க. இப்ப இன்னும் இருபத்துநாலைக் கொல்லணுமே அக்கா" என்றாள்.

அக்கா ஈரக்கையைத் துடைக்காமலே நின்றார். இதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மேலே யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த மாதம் புது எலிகள் வந்தன. வேறு ஆள் போடலாம் என்றேன். "வேணாம் தம்பி, நானே பாத்துக்கறேன்" என்று அக்கா ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தார். ஓட்டம் தொடங்கி அரைமணிகூட ஆகவில்லை, ஓர் இளைத்த எலி மூன்று முறை கம்பியில் விழுந்தது. அக்காவின் கை சுவிட்சுவரை போனது. பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் எலியைத் துணியில் பொத்திக் கூண்டில் விட்டுவிட்டு, நோட்டை எடுத்து அறுபது என்று எழுதினார்.