குடை பிடித்தவர் பார்க்காத காட்சி

பிறந்தநாள் படங்களை எடுத்துவரப் போன என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். போட்டோக் கடை பூட்டிக் கிடக்கிறது என்றார். பக்கத்துப் பலசரக்குக் கடையில் விசாரித்திருக்கிறார். "சிவபாலன் அண்ணை மோசம் போயிட்டாராம். பஸ்சுக்கு நிண்ட இடத்திலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம். எழும்பேல்லையாம்." நான் அப்போது எங்கள் வீடியோக் கடையில் கசெற் ஒன்றைச் சுற்றப் போட்டிருந்தேன். அது சுற்றி முடிந்து நின்ற பிறகும் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இந்தக் குளிருக்குள் பஸ்சுக்கு நிற்காதையுங்கோ, காரைப் பழகுங்கோ என்று எத்தனை தரம் சொன்னேன்! கேட்கிற மனுசன் இல்லை அவர். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

ஸ்காபரோவில் இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேருடைய குடும்பப் படங்கள் அவர் கையால் கழுவப்பட்டவைதான். உங்களில் பலர் அவரிடம் பேச்சும் வாங்கியிருப்பீர்கள். ஒருநாள் நான் நிற்கும்போது ஒருவர் ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து, கரையில் நிற்கும் ஆளை வெட்டிவிட்டுப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

"ஏன், ஆள் செத்துப்போச்சோ?" என்றார் அண்ணை.

"சீச்சீ, அது மச்சான். இப்ப கதைபேச்சு இல்லை."

"கோவம் நாளைக்குத் தீர்ந்திடும். வெட்டினதை நான் திரும்ப முளைக்க வைக்கேலாது. கொண்டுபோங்கோ."

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். வாற சனத்தை இப்படி விரட்டினால் முதலாளி உங்களை விரட்டுவார் என்று நான் சொன்னேன். "வெட்டுறது லேசு, தங்கச்சி. பிறகு பார்க்கிறவன் மிச்சத்தைத்தான் முழுப்படம் எண்டு நினைப்பான்" என்றார். அவருக்கு ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது.

தெரிந்தது எங்கள் வீடியோக் கடையில்தான். பார்க்டேலில் சின்னதாகத் தொடங்கிய கடையை ஸ்காபரோவுக்கு மாற்றிய புதிது. குடும்பங்கள் வந்துபோகிற கடை என்பதால் சில கசெற்றுகளை மட்டும் கவுண்டருக்குப் பின்னால், ஒரு சீலை மறைப்புக்கு அங்கால் வைத்திருந்தோம். மலையாளப் படங்கள் எல்லாம் அங்கேதான். மலையாளப் படம் என்றால் நம்முடைய ஆண்கள் வாய்க்குள் சிரிக்கும் சிரிப்பை நான் இங்கே விளக்கத் தேவையில்லை. நல்ல படமா, வேறு மாதிரியான படமா என்று அந்தச் சிரிப்புக்குப் பேதம் கிடையாது. நானும் பேதம் பார்க்கவில்லை. சீலைக்கு அங்கால் இருந்த ஒரு கசெற்றை எடுத்து ஒருவருக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணை அதன் மட்டையைக் கண்டுவிட்டார். முகம் வெளிறிப்போனது.

வந்தவர் போன பிறகு, "உந்தப் படத்தை இனிக் குடுக்காதையுங்கோ" என்றார்.

"ஏன் அண்ணை? எங்கடை கடையிலை தட்டிலை தங்காமல் ஓடித் திரியிற கசெற் உது ஒண்டுதான்."

"அது நான் வேலை செய்த படம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கசெற் திரும்பி வந்த அன்று கடைக்குப் பின்னறையில் இருந்த சின்ன ரீவியில் அதைப் போட்டு, நானும் என் கணவரும் பார்க்க, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு காட்சியாகச் சொன்னார். "இது எங்கடை. இதுவும் எங்கடை. இது இல்லை. இந்தப் பொம்பிளை ஆரெண்டே எனக்குத் தெரியாது. இது எங்கடை." தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். மலையாள எழுத்தில் ஒரு வரி. "உதுதான் நான்" என்றார்.

கதை இதுதான். எழுபதுகளில் சினிமா படிக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போனவர் அவர். கோடம்பாக்கத்தில் அவர் வாயைத் திறந்தாலே, கேரளாவில் எந்த ஊர் என்று கேட்பார்களாம். "முதலிலை இல்லை, இல்லை எண்டு சொல்லிப் பார்த்தன். பிறகு எனக்கே அலுத்துப்போச்சு" என்பார். அப்படித்தான் ஒரு மலையாள இயக்குநர் இவரைத் தன் ஊர்ப் பொடியன் என்று எண்ணி உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். உண்மை தெரிந்தபோது இவருக்குப் பாஷை பிடிபட்டுவிட்டது, வேலையும் பிடிபட்டுவிட்டது. போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

படத்தின் கதை, காயல் கரையில் ஒரு கிராமம். அங்கே மாற்றலாகி வரும் ஒரு நேர்ஸ், தோணிக்காரன் ஒருவனின் படுக்கையில் கிடக்கும் மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிறாள். ஊர் வேறு விதமாகக் கதைக்கிறது. மனைவி செத்த பிறகு நேர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோணியேறுகிறாள். கறுப்பு வெள்ளைப் படம், பாட்டுக் கிடையாது. மழை வேண்டாத நாளெல்லாம் கொட்டித் தீர்த்து, மழை வேண்டிய நாளில் வெயில் எறித்ததாம். கூரைமேல் ஏறி நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றியவர்களில் இவரும் ஒருவர். மரவள்ளிக் கிழங்கையும் மீன்குழம்பையும் தின்றுகொண்டு, இந்தப் படம் வந்தால் உலகமே எழுந்து நிற்கும் என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். "அந்த வயசிலை அப்பிடி நம்பாட்டிப் பிறகு எப்ப நம்புறது?" என்பார்.

அதில் ஒரு காட்சி. நோயாளியைப் படித்துறையில் இருத்தி நேர்ஸ் குளிக்க வார்க்கிறாள். அதை எடுத்த காலையில், கமராக்காரரையும் இயக்குநரையும் தவிர மற்ற ஆண்கள் எல்லோரும் மறுபக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று கதாநாயகி சொல்லியிருக்கிறார். கமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற இவரும் திரும்பித்தான் நின்றார். "நான் கண்டது தென்னைமரமும் ஒரு மாடும்தான், தங்கச்சி. அந்தக் காட்சியைக் கண்ணாலை பார்க்காத ஒருத்தன் எண்டால் அது நான்தான். அதாலை கெட்டுப்போனவனும் நான்தான்."

படம் கேரளாவில் வெளிவந்து, நாலு பேர் நல்லது என்று சொல்ல, சத்தமில்லாமல் போய்விட்டது. பிறகு யாரோ ஒரு விநியோகஸ்தர் அதைத் தமிழ்நாட்டுக்கு வாங்கினார். பெயரை மாற்றினார். எங்கேயோ எடுத்த துண்டுகளை இடையிடையே ஒட்டினார். அந்தக் குளிக்கிற காட்சியில் நோயாளியை வெட்டி எறிந்துவிட்டு, நேர்ஸின் நனைந்த தோளையும் தலைமயிரையும் மட்டும் போஸ்டராக அடித்துச் சுவர் சுவராக ஒட்டினார். காலைக் காட்சிக்குக் கூட்டம் நெரிந்ததாம்.

இதற்குள் அண்ணை, கதாநாயகிக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கும் தன் படம் ஒன்றைப் பெருமையாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா அதை வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினார். அப்போது அவருடைய அக்கா பாக்கியத்துக்குக் கல்யாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை தமிழ்நாட்டில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர். லீவில் வந்தபோது அவருக்கும் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நாளில், காலைக் காட்சிக்கு ஓடுகிற, கூடாத துண்டுகள் உள்ள படம் எடுக்கிறவனின் சகோதரி எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஊர் சும்மா இருக்குமா? அடுத்து வந்த சம்பந்தங்களும் படலையோடு நின்றன. அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டார். அக்கா அப்படி இருக்கையில் தம்பி எப்படிக் கட்டுவது? அண்ணையும் கட்டவில்லை. சினிமாவையும் விட்டார்.

காலம் இருவரையும் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பாக்கியம் ரீச்சர் மில்லிக்கனில், பெறாமகள் முறையான ஒரு சொந்தக்காரப் பிள்ளையோடு இருந்தார். செத்தவீட்டிலோ கோயிலிலோ கண்டால், "சாப்பிட்டியோ?" என்று தம்பியைக் கேட்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தம்பி கூடாத படம் எடுத்தவன் என்றே அவர் நம்பியிருந்தார். "அக்கா ஒருக்கால் அந்தப் படத்தை, நாங்கள் எடுத்தமாதிரி, முழுக்கப் பார்த்தால் போதும். பிறகு என்னை ஏசட்டும்" என்று அண்ணை சொன்ன நாள், அவருக்கு வேறு ஆசை எதுவுமே இல்லை என்று எனக்கு விளங்கியது. கடையிலிருந்த கசெற்றை அன்றே உள்ளே எடுத்து வைத்தேன். கேட்டு வந்தவர்களுக்கு அறுந்துபோச்சு என்று சொன்னேன்.

ஆனால் நல்ல பிரதிக்கு எங்கே போவது? இயக்குநர் உயிரோடு இல்லை. தன் போட்டோக் கடைக்கு வருகிற மலையாளிகளையெல்லாம் அண்ணை விசாரித்தபடியே இருந்தார். கடைசியில் அப்படி வந்த ஒரு நேர்ஸம்மாவுக்குக் கேரளாவில் இருந்த தம்பி, இந்தியத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டியபோது அதைப் பதிந்து வைத்திருந்தார். நேந்திரங்காய்ச் சிப்ஸ் பைகளுக்கு நடுவே அந்தக் கசெற் கனடா வந்தது. அந்த நாட்டுக் கசெற் இந்த நாட்டு ரீவியில் ஓடாது என்பதால் என் கணவர்தான் மாற்றிக் கொடுத்தார். ஒட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. ஒரே குறை, அந்தத் தம்பி பதிகிற பொத்தானைக் கொஞ்சம் பிந்தி அமத்தியிருக்கிறார். எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் படம் தொடங்குகிறது. அண்ணையின் பெயர் அதில் இல்லை.

"இதென்ன பெரிய வேலையே? மற்றக் கசெற்றிலை இருந்து எழுத்தை மட்டும் எடுத்து முன்னாலை போட்டுவிடுறன்" என்றார் என் கணவர்.

"வேண்டாம். ஒருக்கா ஒட்டினது போதும்."

"பேர் இல்லாட்டி உங்கடை படம் எண்டு ரீச்சர் எப்பிடி நம்புறது?" என்று நான் கேட்டேன்.

"நம்பாட்டி விடட்டும். இதிலை இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசிப்படியில் நின்று முரண்டு பிடிக்கிறாரே என்று ஏசினேன். அவர் அசையவில்லை.

ரீச்சருக்குப் போன் எடுத்தவள் நான். "உவனோ கேட்கச் சொன்னது?" என்றார். ஓம் என்றேன். "கொண்டுவாங்கோ. எனக்குப் பிடிக்காட்டி நான் எழும்பிப் போயிடுவன். பிறகு ஒருத்தரும் குறை நினைக்கக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் மில்லிக்கன் வீட்டில் நாங்கள் மூவரும் போய் இறங்கினோம். ரீச்சர் பற்றிஸ் பொரித்து வைத்திருந்தார். அண்ணை சோபாவில் இருக்கவில்லை. குசினி வாசலில் சாய்ந்து நின்றார். ரீவியை அவர் பார்க்கவே இல்லை; அக்காவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். நேர்ஸ் தோணியால் இறங்கியதும், "இவள்தானே உனக்குப் பக்கத்திலை நிண்டவள்?" என்றார் ரீச்சர், திரும்பாமலே. "ஓம் அக்கா" என்றார் அவர். பெயர்ப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. படித்துறைக் காட்சி வந்தது. நேர்ஸ் அந்த எலும்பும் தோலுமான பெண்ணின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் தண்ணீர் வார்க்கிறாள். முதுகைத் தேய்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "அம்மாவைக் கடைசியிலை நானும் இப்பிடித்தான் வாத்தனான்" என்றார்.

படம் முடிந்தது. ரீவியில் புள்ளி புள்ளியாக இரைந்தது. என் கணவர் எழுந்துபோய் அமத்தினார். ரீச்சர் எழும்பிப் போகவில்லை. பற்றிஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"போஸ்டரிலை கிடந்தது இதுவோ?"

"இதுதான் அக்கா. நோயாளியை வெட்டிப்போட்டு."

"அப்ப கூடாத துண்டுகள் இருக்கெண்டு, காலமை காட்டுற படமெண்டு, எல்லாம் அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆருக்கு?"

"அந்த மனுசனுக்கு. என்னைக் கட்டமாட்டன் எண்டவருக்கு. படிக்கப் போனவர், படிக்கிற நேரத்திலை, அந்தத் தியேட்டருக்கு என்னத்துக்கடா போனவர்?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தாய் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, அண்ணைக்கே தோன்றவில்லை. அவர் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ரீச்சர், "சிரியாதை! கட்டியிருந்தால் நான்தானே அந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்க வேணும்" என்று அதட்டினார். அதட்டியவரும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார்கள். "இஞ்சை வா, ஆறுறதுக்கு முன்னம் சாப்பிடு" என்று ரீச்சர் தட்டைத் தம்பி பக்கம் நீட்டினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவும் தம்பியும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். மலையாளப் படங்களைச் சீலைக்கு இங்கால் எடுத்து, மற்றப் படங்களோடு வைக்கச் செய்தவர் ரீச்சர். எடுத்துக்கொண்டு போவார்கள், வசனங்களைத் தம்பி சொல்லச் சொல்ல அக்கா கேட்பாராம்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, ரீச்சர் இனி வரமாட்டார் என்று எண்ணியிருந்தேன். வந்தார். கடையில் நல்ல சனம். வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கிற குரலில், "பிள்ளை, புது மலையாளப் படம் ஏதும் வந்ததோ?" என்றார். நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாய்க்குள் சிரித்தார். ரீச்சர் அவரை நேரே பார்த்து, "என்ரை தம்பியும் எடுத்தவன். நல்ல படம். நீர் பார்க்கேல்லைப் போலை" என்றார். அந்த ஆள் கையிலிருந்த கசெற்றை வைத்துவிட்டு வெளியே போனார். நான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். வசனம் சொல்ல ஆள் இல்லையே, எப்படி விளங்கும் என்று கேட்டேன். "நீ வந்து இரன். ரெண்டு பேரும் விளங்காமல் பார்ப்பம்" என்றார்.

சிவபாலன் அண்ணை எனக்கென்று விட்டுப்போனது தன் அக்காவைத்தான். நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணை.