லேசருக்குத் தலையாட்டிய மாப்பிள்ளை

கண்ணில் லேசர் பாய்ச்சும்போது என்ன செய்யக்கூடாது? தலையை ஆட்டக்கூடாது. அவ்வளவுதான். இதைக் கோயம்புத்தூர்க்காரனிடம் சொல்லிப் பாருங்கள்...

என் மனைவியின் தம்பி செந்தில், பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி இன்ஜினீயர். கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டர் பவர்; தடிமனான கண்ணாடி. 'சோடாபுட்டி மாப்பிள்ளை வேண்டாமுங்க' என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவது, பெருந்துறைப் பெண். கண்ணாடியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போய்ப் பெண் பார்த்தான் — அதாவது, பார்க்கவில்லை. பச்சையாக ஒரு புடவை வந்து காபி கொடுத்துவிட்டுப் போனதாம்! இருந்தும் குரல் பிடித்துவிட்டது. பெண் வீட்டிலும் சம்மதம். விஷயம் தெரிந்தால் இதுவும் போய்விடுமே... அதனால்தான் கண்ணாடியே வேண்டாமென்று ஆக்கும் இந்த லேசர் வைத்தியம்.

ஆபரேஷன் அன்று நானும் மனைவியும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே. உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் கேட்டது.

“சிவப்பு லைட்டையே பாருங்க.”

“சரிங்க டாக்டர்.” தலை ஆடியது. டாக்டர் லேசரை இயக்கும் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

“தலையை ஆட்டாதீங்க.”

“ஆட்டலீங்க!” மறுபடி ஆடியது.

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? பெரியவர்கள் பேசினால் மரம் மாதிரி இருக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவியோ கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். கண்ணல்லவா! நர்ஸ் வந்து கதவைத் திறந்து, “நீங்களாவது சொல்லுங்கம்மா” என்றார்.

“கண்ணு, டாக்டருக்கு மரியாதையே குடுக்காதே! அவரு என்ன சொன்னாலும் கல்லாட்டம் கெட!” என்று கத்தினாள் மனைவி.

கிடந்தான். அக்காவுக்குக்கூடத் தலையாட்டவில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

கண் ஆறியது, மனசு உறுத்த ஆரம்பித்தது. கண்ணாடியை மறைத்ததைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறேன் என்று போன ஞாயிறு பெருந்துறைக்குக் கிளம்பினான். துணைக்கு நான். கதவைத் திறந்தது அந்தப் பெண்ணேதான். மூக்கின்மேல், இவனுடைய பழசைவிடத் தடிமனாக ஒரு கண்ணாடி!

செந்தில் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் கொட்டினான். அவள் சிரித்துவிட்டாள்.

“நானுந்தானுங்க அன்னிக்குக் கழட்டி வெச்சிருந்தேன். உங்க மொகமே தெரியலீங்க. இப்ப ரெண்டு பேரும் நல்லாப் பாத்தாச்சு... சம்மதமுங்களா?”

செந்தில் ஆட்டினான் பாருங்கள் தலையை — அந்த டாக்டர் பார்த்திருந்தால் மிஷினையே மூடிவிட்டு ஊருக்குப் போயிருப்பார்!