அஞ்சலை வீட்டுப் புளிச்சகீரை

திருக்காட்டுப்பள்ளிக்குச் சற்று முன்னால் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. தண்ணீர் கேட்டுச் சாலையோரக் குடிசைக்குப் போகிறேன். வாசலில் ஐந்து விரல் இலைகளோடு இடுப்புயரச் செடிகள்.

“இது கஞ்சாவாம்மா?” என்று பதறிக் கேட்டுவிடுகிறேன்.

சொம்பை நீட்டிய அஞ்சலை சிரிக்கிறார். “கூலித் தகராறுக்கு வந்த போலீசும் இதையேதான் கேட்டாங்க. புளிச்சகீரைங்க. தின்னு பாருங்க.”

இலையின் புளிப்பில் பல் கூசுகிறது. “நல்லா வளர்த்திருக்கீங்களே!”

“எங்க? ஆயுசு பூரா மிராசுதார் வயல்ல நாத்து நட்டவ. அந்த நெனப்புல இதுக்கும் வரப்புக் கட்டித் தண்ணிய நிறுத்திட்டேன். மொத வெதைப்பு அழுகிப்போச்சு. மேட்டுல வெதைக்கணும், வெயில் படணும், நுனியக் கிள்ளிவிட்டாத்தான் கெளைக்கும். எல்லாம் இப்பத்தான் தெரியுது. இந்த மனைக்குப் பட்டா வந்ததே போன வருஷந்தான். அதுக்கு முன்னாடி ஒரு செடி வச்சாக்கூட மிராசுதார் ஆளுங்க புடுங்கிடுவாங்க.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. அவசரமாக ஒரு கட்டுக் கீரை பறித்து நீட்டுகிறார். நான் தயங்குகிறேன்.

“மொதப் பறிப்புங்க. கை நீட்டி வாங்கியே பழகினவ நான். ஒருதடவ குடுத்துப் பாக்கறேனே, வாங்கிக்கங்க.”

இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொள்கிறேன்.