அக்கரை தெரியாத காலையில் ஒரு கார்

மழைக்காலம் முடிகிற கிழமைகளில் பெரியகல்லாற்றுப் பக்கத்து வாவி விடியற்காலையில் இருப்பதேயில்லை. கரை இருக்கும். கண்ணாப் பற்றைகள் இருக்கும். அவற்றின் வேர்களில் தண்ணீர் மெல்ல மோதும் சத்தம் இருக்கும். அதற்கப்பால் பனிப்புகாரின் வெண்மைதான். அதற்குள் யாரோ கம்பு ஊன்றித் தோணியைத் தள்ளுவார்கள். ஆளும் தெரியாது, தோணியும் தெரியாது. கம்பு சேற்றில் புதைந்து வெளிவரும் ஓசை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

அன்று காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வாவி எந்த நாளும், எந்த நேரமும் இப்படித்தான் தெரிகிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அந்தக் காலையில் எங்கள் இருவருக்கும் ஒரே பார்வை.

அம்மாவின் இரண்டு கண்களிலும் வெண்புரை. இடது கண் வெளிச்சத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. வலது கண்ணும் அதைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. மட்டக்களப்பு ஆசுபத்திரியில் இடது கண்ணுக்கு அன்று சத்திரசிகிச்சை. போன தடவை இதே வேலைக்காக ஆசுபத்திரி வாசல்வரை வந்தவர், படியில் ஒரு பூனை குறுக்கே போனது என்று திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. இந்த முறையும் திரும்பினால் இனி வரமாட்டார். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிக்கிடும்போதே அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். போகிற வழியில் வாவிக்கரை அம்மன் கோயிலில் காரின் சாவியை வைத்து எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகிற வாகனத்தின் சாவி அம்மனின் காலடிக்குப் போய்த்தான் வரும். நான் கோயிலுக்குள் போக முடியாத நாள் அது. அதனால் அம்மா சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். கோயிலுக்குப் போகும் அந்தச் சின்ன ஒழுங்கை அவருடைய கால்களுக்கு மனப்பாடம். வெள்ளைச் சேலை புகாருக்குள் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே இடத்திலிருந்து சேலை மறுபடி உருவாகி வந்தது. நெற்றியில் திருநீறு, கையில் சாவி. சாவியின் தலையில் மஞ்சள் துணி சுற்றி, அதன்மேல் நூல் கட்டியிருந்தது.

"எடு மகள், நேரம் போகுது" என்று ஏறி உட்கார்ந்தார்.

சாவியைத் திருகினேன். முன்பலகையில் விளக்குகள் எரிந்தன. அவ்வளவுதான். இன்ஜின் சுற்றவில்லை, முனகவும் இல்லை. மறுபடி திருகினேன். வாவியின் அமைதி காருக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

"என்ன மகள்?"

"ஒண்டுமில்லம்மா. இரிங்க."

நான் வேலை செய்வது தொலைபேசிக் கோபுரங்களில், அவற்றின் பற்றரிகளைப் பராமரிக்கும் பிரிவில். எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டேன். முதலில் பற்றரி. முன்விளக்கைப் போட்டேன். இரண்டு மஞ்சள் வட்டங்கள் புகாரில் நன்றாகவே விழுந்தன. ஹோர்னை அழுத்தினேன். கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து கொக்குகள் கிளம்பிப் போயின. பற்றரி நல்ல பலத்தில் இருக்கிறது. அடுத்தது கியர். நிறுத்தும் இடத்தில்தான் இருந்தது. நடுநிலைக்கு மாற்றியும் பார்த்தேன். பிறகு பொனற்றைத் திறந்து பற்றரியின் இணைப்புகளைக் கையால் அசைத்துப் பார்த்தேன். ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருந்தன.

"அம்மன்ட வாசல்ல வந்து நிண்டிட்டுது" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னார். என்னிடம் அல்ல, தனக்கே.

அந்த நேரத்தில் புகாருக்குள்ளிருந்து கம்பு ஊன்றும் ஓசை கரைக்கு வந்தது. தோணியை இழுத்துக் கட்டிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருக்கும் மீன்பிடிகாரர். அம்மாவை அக்கா என்பார்.

"அக்கா, ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்ட ஆக்கள் இன்னும் இஞ்சயா நிக்கிறீங்க?"

"கார் எடுக்குதில்ல தம்பி."

"தள்ளுவமா?"

"தள்ளி எடுக்கேலா மாமா" என்றேன் நான். "இது தானா கியர் மாறுற கார்."

"சாவி போட்டாலும் ஓடாது, தள்ளினாலும் ஓடாது. மறுகா எதுக்கு புள்ள இதுக்கு நாலு சில்லு?"

"உங்கட தோணியில ஓட்டை விழுந்தா நான் இப்பிடிக் கேட்பனா?"

"நீ கேட்க மாட்ட. கொம்மா கேட்பா."

வேறொரு நாளாக இருந்தால் அம்மா அதற்கு இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். அன்று சிரிக்கவில்லை.

"ரோட்டுக்குப் போய் ஒரு ஓட்டோ அனுப்பட்டா அக்கா?"

"ஓம் தம்பி, அனுப்பு. வீட்ட போவம்."

"வீட்டயா? ஆசுபத்திரிக்கு இல்லையா?"

அம்மா கோயில் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். "வேணாமெண்டு அவ சொல்றா. நான் என்ன செய்ய?"

மீன்பிடிகாரர் என்னைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த பொனற்றுக்குப் பின்னால் குனிந்து, "நான் மெள்ளமா நடந்து போறன். நீ கெதியாப் பாரு" என்று சொல்லிவிட்டு வலையோடு ஒழுங்கையில் இறங்கினார். உண்மையாகவே மிக மெதுவாக நடந்தார். ஒரு மாட்டைக்கூட அவ்வளவு மெதுவாக நடக்கவைக்க முடியாது.

ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சின்னப் பெட்டியைக் கழற்றினேன். அதே அளவில் ஹோர்னுக்கும் ஒன்று உண்டு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். பெட்டி பழுதென்றால் இப்போது ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். விரலைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, "அம்மா, அந்தச் சாவிய ஒருக்காத் திருகுங்க" என்றேன். எட்டித் தடவித் திருகினார். விரலுக்கடியில் ஒரு துடிப்பும் இல்லை.

அங்கேதான் என் யோசனை திரும்பியது. வேலை செய்ய எல்லாம் ஆயத்தமாக இருக்கிறது. வேலை செய் என்ற உத்தரவு மட்டும் வரவில்லை. யாரோ எங்கோ அதை மறித்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். முன்பலகையின் ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கார் நிறுத்தியிருக்கும் போதெல்லாம் எரிகிற பொட்டுத்தான். அதனால் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ஆனால் சாவியைப் போட்டதும் அது அணைய வேண்டும். காருக்கு இந்தச் சாவியைத் தெரியவில்லை.

சாவியின் தலைக்குள் பயறளவில் ஒரு மின்னணுத் துண்டு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் ஒவ்வொரு முறையும் அதனிடம் யார் என்று கேட்கும். அது தன் இலக்கத்தைச் சொல்லும். ஒருவருக்கும் கேட்காத அந்தச் சின்னப் பேச்சு நடந்தால்தான் கார் சுற்றும். நான் என் வரிசையில் சாவியைச் சேர்க்கவேயில்லை. அது கையில் இருந்தது, அதனால் சரியாக இருந்தது.

மஞ்சள் துணியை அழுத்திப் பார்த்தேன். உள்ளே மெல்லிய விளிம்பொன்று விரலில் பட்டது.

"அம்மா, இதுக்குள்ள என்ன?"

அவர் மடியில் இருந்த ஆசுபத்திரிப் பையின் வாரைச் சரிசெய்தார்.

"தகடு."

"என்ன தகடு?"

"செப்புத் தகடு. போன கிழமை கட்டாடியார் காவல் செய்து தந்தவர்." கோயிலில் பூசை செய்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "கண்ணுல கத்தி வைக்கக்குள்ள எனக்குக் கையில கட்டச் சொன்னவர்."

"மறுகா ஏன் சாவியில கட்டினீங்க?"

"நான் சும்மா படுத்துக் கிடக்கப் போறன். நீதானே ரோட்டுல லொறி பஸ்ஸுக்கு நடுவுல ஓட்டப் போற."

வாவியில் புகார் விலகத் தொடங்கியிருந்தது. முதலில் நட்டிருந்த வலைக் கம்புகள் தெரிந்தன. பிறகு அவற்றின் நிழல்கள். பிறகு எங்கிருந்தோ மிதந்து வந்ததுபோல் அக்கரையின் ஒரு துண்டு. அம்மா அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் விலகவில்லை.

என்ன சொல்வது என்று யோசித்தேன். தகடுதான் காரை நிறுத்தியது என்றால், அம்மன் நிறுத்தியது என்று அவர் எடுத்துக்கொள்வார். பொய் சொல்லவும் எனக்கு வராது. ஒழுங்கையின் முனையில் ஓட்டோவின் சத்தம் கேட்டது. உள்ளதை உள்ளபடியே சொன்னேன்: சாவிக்குள் ஒன்று இருக்கிறது, கார் அதோடு கதைக்கும், இடையில் செம்பு சுற்றியிருந்தால் அந்தக் கதை போய்ச் சேராது.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்ப ஒண்டையும் போக வர விடாம மறிச்சிட்டுதா?"

"ஓம்."

"கார்ட கதையக்கூட?"

"ஓம் அம்மா."

பிறகு அவருடைய முகத்தில், பூனை குறுக்கே போன நாளிலிருந்து நான் காணாத ஒரு நிம்மதி மெதுவாக வந்து படிந்தது.

"அப்ப நல்ல தகடுதான்" என்றார். "கட்டாடியார் சும்மா செய்து தரல்ல. கழட்டு. என்ட கையில கட்டு."

நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். தகட்டை மறுபடி துணியில் மடித்து அவருடைய இடது மணிக்கட்டில் கட்டினேன். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்தார். சாவியைப் போட்டேன். சிவப்புப் பொட்டு அணைந்தது. திருகினேன், கார் எடுத்தது.

ஒழுங்கை வாயில் ஓட்டோவுக்கு நேரெதிரே வந்து நின்றோம். சாரதியின் பின்னால் வலையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய மனிதர்போல் உட்கார்ந்திருந்தார் எங்கள் மீன்பிடிகாரர்.

"எங்க அக்கா, வீட்டயா?"

"வழிய விடு தம்பி" என்றார் அம்மா. "உன்ட தோணி ஓட்டையப் பார்க்கத்தான் கண்ணைத் திறந்துகொண்டு வரப் போறன்."

ஆசுபத்திரியில், உள்ளே கூட்டிப்போக வந்த தாதி, உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார். அம்மா மணிக்கட்டைத் தாதியிடம் அல்ல, என்னிடம் நீட்டினார். அவிழ்த்ததும் என் விரல்களைத் தடவி மூடிவிட்டார்.

"கையிலேயே வச்சிரு. சாவிக்குக் கிட்டக் கொண்டுபோகாத. மறுகா வீட்ட போகேலாது."

கதவு மூடியது. வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். சாவி பையின் அடியில், தகடு என் கைப்பிடிக்குள். வெளியே வெயில் ஏறி, வாவியின் பக்கம் எல்லாம் தெளிவாக இருந்திருக்கும். நான் கையைத் திறக்கவில்லை. செம்பு என் கைச்சூட்டில் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.