சேத்தூருக்குப் போன சூளை

இதை நம்பச் சொல்லி யுவராணி யாரையும் கேட்டதில்லை. கேட்பவர்களிடம் சொல்வாள், அவ்வளவுதான். ராஜபாளையத்தில், பட்டப்பகலில், அவள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. கூட்டிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. நடந்ததே போதும் போதும் என்று இருக்கிறது.

யுவராணி பீங்கான் வேலை கற்றுத் தருகிறவள். சனி, ஞாயிறு வகுப்பு. அதோடு இன்னொரு வேலையும் தானாக அவள் தலையில் வந்து விழுந்திருந்தது. கொரோனா சமயத்தில் ஆசைப்பட்டுச் சக்கரம் வாங்கியவர்கள், சூளை வாங்கியவர்கள், ஆசை தீர்ந்ததும் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். "டீச்சர், வீட்டுல எடத்த அடைக்கு. யாருக்காச்சும் குடுத்துருங்க." இன்னொரு பக்கம், புதிதாக வாங்க வழியில்லாமல் காத்திருப்பவர்கள். இரண்டு பேரையும் அவள் சேர்த்து வைப்பாள். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை என்று போலீஸ்காரரான அவள் கணவர் சூர்யபிரகாஷ் கேலி செய்வார்.

அப்படிக் காத்திருந்தவள் சேத்தூர் மகாலட்சுமி. யுவராணியிடம் வேலை பழகியவள். கணவன் ராம்கி ராணுவத்தில், எங்கோ வடக்கே. மகாலட்சுமி அழகாகக் கோப்பை வனைவாள். ஆனால் சுட்டெடுக்கச் சொந்தச் சூளை கிடையாது. சுடாத பச்சைக் கோப்பைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போவாள். போய்ச் சேரும்போது பாதி விரிசல் விட்டிருக்கும். கோப்பை வாங்கும் கடைக்காரர் கேட்ட எண்ணிக்கையை ஒரு தடவைகூட அவளால் கொடுக்க முடிந்ததில்லை.

போன ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருளப்பசாமி என்கிற ரிட்டயர்டு சுபேதார் ஒரு கரண்டுச் சூளையைக் கொடுத்துவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, யுவராணி போன் செய்தாள். சும்மாவே கொடுத்தார். பிரிட்ஜ் உயரத்துக்கு இரும்புப் பெட்டி. உள்ளே நாலு பக்கமும் வெள்ளைச் செங்கல், அதில் சுற்றிச் சுற்றிக் கம்பிச் சுருள். கனமான கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். எட்டிப் பார்க்க நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஒரு ஆள் குறுகி உட்காரலாம் என்கிற அளவு.

சேத்தூர் வீட்டில் அதற்கேற்ற கரண்ட் லைன் வர நாளாகும் என்றார்கள். அதுவரை யுவராணியின் கொல்லை ஷெட்டில் இருக்கட்டும் என்று இறக்கி வைத்தார்கள்.

நாலாம் நாள் ஊர் முழுக்க மின்தடை. மாதாமாதம் பராமரிப்புக்காக நிறுத்துவது. காலையில் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். தறிச் சத்தம் நின்றுவிட்டால் ராஜபாளையம் வேறு ஊர் மாதிரி இருக்கும். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. யுவராணி ஷெட்டில் பூச்சு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்...

"அக்கா..."

மகாலட்சுமியின் குரல்.

"இரு, வாரேன்" என்று போய் வெளிக் கேட்டைத் திறந்தாள். தெருவில் ஈ, காக்கை இல்லை.

டொக்... டொக்... டொக்...

"அக்கா, தொறங்கக்கா. மகா வந்திருக்கேன்."

சத்தம் முதுகுக்குப் பின்னால். ஷெட்டிலிருந்து.

திரும்பி வந்தாள். சூளைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. விளையாடுகிறாளோ என்று ஒரு நொடி நினைத்தாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு வெளித் தாழ்ப்பாளைப் போடுவது எப்படி?

தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. போனை எடுத்து மகாலட்சுமிக்குப் போட்டாள்.

எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா!"

"மகா... எங்க இருக்க?"

"சேத்தூர் பஸ் ஸ்டாப்புல. பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூப்பிட வந்தேன். அக்கா, சூளைக்கு லைன் வந்துருச்சு! நாளைக்கு வண்டி கொண்டாரட்டா?"

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் கத்துவது கேட்டது.

சூளைக்குள்ளிருந்தும் கேட்டது.

"அக்கா... சூடா இருக்குக்கா..."

ஒரே குரல். காதில் சிரித்தது. பெட்டிக்குள் அழுதது.

போன் கீழே விழுந்தது. யுவராணி ஓட்டையில் கண்ணை வைத்தாள். உள்ளே கம்பிச் சுருள் சிவந்திருந்தது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றாக, சிவந்துகொண்டே போனது. பிளக் தரையில் கிடந்தது. ஊரிலேயே கரண்ட் இல்லை.

அனல் கண்ணில் அடித்தது. துண்டை நனைத்துத் தாழ்ப்பாளில் சுற்றி இழுத்தாள். சுத்தியலால் அடித்தாள். துண்டு புகைந்தது. வெறும் கையால் பிடித்தாள். தோல் உரிந்தது.

"முனீஸ்வரி! ஓடியா!"

அடுத்த வீட்டு முனீஸ்வரி ஓடிவந்தாள்.

"உள்ள ஆளு இருக்கு! இழு!"

முனீஸ்வரி பெட்டியைத் தொட்டாள். பிறகு யுவராணியின் முகத்தைப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணியாட்டம்ல இருக்கு டீச்சர்... என்ன செய்து ஒங்களுக்கு?"

"சத்தம் கேக்கலயா?"

"என்ன சத்தம்?"

டொக்...

தட்டுவது மெதுவானது.

டொக்...

"போதும்க்கா..."

அவ்வளவுதான்.

தாழ்ப்பாள் தானாக விழுந்தது. கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. கம்பி கறுத்துக் கிடந்தது. செங்கல் சில்லென்றிருந்தது. அடித்தட்டின் நடுவில் மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்தது போல, ஒரு கை அகலத்துக்கு வெதுவெதுப்பு.

யுவராணியின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன.

மறுநாள் காலையிலேயே மகாலட்சுமி குட்டியானை வண்டியோடு வந்துவிட்டாள். சூளைக்குப் பொட்டு வைக்கக் குங்குமம்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

"இது வேண்டாம் மகா. வேற நல்லதாப் பாத்துத் தாரேன்."

"ஏன்க்கா?"

யுவராணி எல்லாவற்றையும் சொன்னாள். கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். உள்ளே கேட்டது யார் குரல் என்பதையும் சொன்னாள். கடைசி வார்த்தையை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கேட்கக் கேட்க மகாலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வேற யாருக்காச்சும் குடுக்கேன்னு சொல்லிட்டீகளாக்கா? அதச் சொல்லுங்க, தாங்கிக்கிடுவேன். இப்படிக் கதை சொல்லாதீக."

"சத்தியமா மகா..."

"எம்புட்டு நாளா அலையுறேன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கா? இதுக்குத்தான அவிய லீவுல வந்தப்ப செவரே கட்டிக் குடுத்துட்டுப் போனாக?"

முனீஸ்வரி வேறு, "டீச்சருக்கு நேத்துல இருந்து காச்சல்மா" என்று மகாலட்சுமியிடம் மெல்லச் சொன்னாள். ஆட்கள் சூளையைத் தூக்கி ஏற்றினார்கள். கட்டுப் போட்ட கையால் வண்டியை மறிக்கவா முடியும்? வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேத்தூரில் சூளை நன்றாகவே ஓடியது. முதல் சூட்டில் ஒரு கோப்பைகூட விரிசல் விடவில்லை. மகாலட்சுமி போட்டோ அனுப்பினாள். "பாத்தீகளாக்கா?" என்று சிரித்தாள். சூளை போடும் நாளெல்லாம் யுவராணி போன் போட்டுவிடுவாள். ஏதாவது கேட்டதா என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பாள் அவள்.

யுவராணிக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மனம் பொறுக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டாள். இருளப்பசாமிதான் எடுத்தார்.

"அய்யா, அந்தச் சூளை ஒங்க வீட்டுல இருந்தப்ப... உள்ள இருந்து ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. ரெண்டு வருசமா."

"யாரு சத்தம்?"

"ஒரு பொம்பளக் குரலு. தொறங்க தொறங்கன்னு தட்டும். யாருன்னு எங்களுக்குத் தெரியல. நீங்க மொத மொதல்ல போன் போட்டு, யுவராணி பேசுறேன்னு சொன்னீகள்ல... அப்பத்தான் தெரிஞ்சது."

யுவராணி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளகிட்ட மட்டும் குடுக்காதீகன்னு வீட்டம்மா அழுதா. நான்தான் கேக்கல. வீட்ட விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு."

"அய்யா... உள்ள இருந்து நான் என்ன சொன்னேன்? கடைசியா என்ன சொன்னேன்?"

"அதக் கேக்காதீக தாயி."

இன்றுவரை அவர் சொல்லவில்லை.