நான் பஸ்ஸாக ஓடிய நாட்கள்

போன வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கரண்ட் போய்த் திரும்ப வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். "யாராச்சும் வந்தாங்களாம்மா?" என்றாள் மகள். யாரும் வரவில்லை. கரண்ட் வந்தால் எழுந்துகொள்வது பழைய பழக்கம். மற்றவர்களுக்குத் தேசிய கீதம், எனக்கு ஃபேன் சத்தம்.

அது தொற்றிக்கொண்ட இடம் திருப்பூர், தாராபுரம் ரோட்டில் இருந்த ஒரு பனியன் கம்பெனி. தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரெல்லாம் எழுத்தறிவுத் தொண்டர்கள் கிளம்பிய காலம். டிகிரி முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். சும்மா இருப்பதற்குத் தொண்டு என்று பேர் வைத்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறதே என்று நானும் கிளம்பிவிட்டேன். சம்பளம் கிடையாது. டீயும் வடையும் உண்டு. வடை எல்லா நாளும் இல்லை.

பனியன் கம்பெனியில் எப்போது பாடம் நடத்துவது? ஓடுகிற மெஷின் நிற்காது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிற பெண்ணிடம் அ, ஆ என்றால் அடிக்க வருவாள். ஆகவே கரண்ட் கட்தான் எங்கள் பள்ளிக்கூடம். ஜெனரேட்டரெல்லாம் அப்போது பெரிய கம்பெனிகளுக்குத்தான். மெஷின் சத்தம் அடங்கியதும், தலையில் பஞ்சுத் தூசியோடு பெண்கள் தகரக் கொட்டகை நிழலுக்கு வருவார்கள். நான் அடுத்த தெருவிலிருந்து சிலேட்டுகளோடு ஓடுவேன். ஒரு மணி நேரம் கிடைக்குமா, பத்து நிமிடமா, யாருக்கும் தெரியாது. கரண்ட் வந்தால் எல்லோரும் எழுந்து உள்ளே ஓடிவிடுவார்கள். அந்தப் பதைப்பிலேயே பாடம் நடக்கும்.

மயிலாத்தா செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, பிரிந்த தையல் பார்க்கிற வேலை. என் வயதுதான் இருக்கும். ஒரு நாள் சிலேட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு அ, ஆ எல்லாம் வேண்டாமுங்க டீச்சர். மூலனூருன்னு மட்டும் படிக்கோணுமுங்க."

புருஷன் செத்த பிறகு, நாலு வயது மகளை மாமியார் மூலனூரில் வைத்துக்கொண்டு இவளைக் கொழுந்தனோடு திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார். கொழுந்தன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொங்கலுக்குப் பார்க்கலாம், மாரியம்மன் நோம்பிக்குப் பார்க்கலாம் என்று ஒரு வருடமாகக் குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை.

"புள்ளை அங்க இருந்தாத்தான் நான் இங்க ஒழுங்கா இருப்பேனாமுங்க. இப்ப நாத்தனா ஊட்டுக்கு, பெங்களூருக்கு அனுப்பறதாப் பேசிக்கறாங்க. அப்பறம் எங்கீங்க பாக்கறது?"

மூலனூருக்கு நானே கூட வருகிறேன் என்றேன். "நீங்க வந்தா நாளைக்கு இந்தக் கிளாசு இருக்காதுங்க" என்று மறுத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் யாரிடமும் கேட்கவும் முடியாது. நிற்பவர்களில் பாதிப் பேர் கொழுந்தனுக்குத் தெரிந்தவர்கள். பஸ் தூரத்தில் வரும்போதே போர்டைப் படித்துக் கை காட்ட வேண்டும். கிட்டே வந்தபின் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் எந்த டிரைவர் நிறுத்துவார்?

அதனால் நான் பஸ் ஆனேன். சிலேட்டில் ஊர்ப்பெயர் எழுதி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து கொட்டகை வரை ஓடி வருவேன். மூலனூர் என்றால் கை நீட்ட வேண்டும். வேறென்றால் பேசாமல் விட்டுவிட வேண்டும். அந்த ஒரு பெயரையே எழுதினால் கட்டிங் மாஸ்டருக்குச் சந்தேகம் வரும் என்று, அதே ரோட்டில் போகும் தாராபுரம், பழனி, திண்டுக்கல், மதுரை எல்லாவற்றையும் கலந்துவிட்டேன். மற்ற பெண்களும் உற்சாகமாகப் பஸ் பிடித்தார்கள். அப்போதே நான் பூசினாற்போல் இருப்பேன். "டீச்சரு பஸ்சு ஓவர்லோடுங்க" என்று சிரிப்பார்கள்.

கட்டிங் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்ப்பார். ஒரு நாள் எழுந்து வந்து சிலேட்டை வாங்கினார். அதில் மூலனூர்.

"எங்கூருப் பேரெல்லாம் எழுதறீங்க."

"உங்க ஊருங்களா? தெரியாதுங்க" என்றேன். மயிலாத்தா தலை நிமிரவே இல்லை.

கரண்ட் இல்லாத நேரத்தில் எல்லார் கண்ணும் வெளியே. கரண்ட் வந்த நிமிடத்தில்தான் யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி எல்லோரும் உள்ளே ஓட, மயிலாத்தா கேட்டைத் தாண்டினாள். நான் சிலேட்டுகளை அடுக்குவதுபோல் நின்றேன். ஸ்டாப் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். முதல் பஸ் வந்தது, போனது. அவள் கை தூக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து போர்டு தெரியவில்லை. ஐயோ, அதுதானோ? இரண்டாவதும் போனது. கட்டிங் மாஸ்டர் வெளியே வந்தார்.

"மயிலாத்தாளக் கண்டீங்களா டீச்சர்?"

"தண்ணி குடிக்கப் போனாப்பல இருந்துதுங்க."

அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிய நேரத்தில், அடுத்து வந்த பஸ்ஸுக்கு அவள் கை நீண்டது. பஸ் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி ஏறினாள்.

மறுநாள் கட்டிங் மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மாமியார் முருங்கைக்காய்ச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மயிலாத்தா மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். திரும்பி வருவாள் என்று இவர் திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்துக் கிடந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. அவ்வளவு கோபத்திலும் அந்த ‘ங்க’ மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"மூலனூரு மட்டும் சொல்லிக் குடுத்திருந்தீங்கன்னாப் பரவாயில்லீங்க. போனவ அங்கயே நின்னிருப்பா. பழனி, மதுரை, திண்டுக்கல்லுன்னு அத்தனை ஊரையும் படிக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்களே. இப்ப நான் எந்த ஊருன்னு போய்த் தேடறதுங்க?"

ஏறக்கூடாது என்பதற்காக நான் எழுதிய ஊர்கள் அவை. அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பயத்திலா சந்தோஷத்திலா தெரியாமல் அழுதேன்.

டீச்சரை உள்ளே விட வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஜெனரேட்டரும் வந்துவிட்டது. இன்று அந்தக் கொட்டகை இல்லை, கம்பெனி இல்லை, அகலமான ரோட்டில் அந்த ஸ்டாப்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. மயிலாத்தாளையும் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அதற்கு மட்டும் நான் வருத்தப்பட்டதே இல்லை.